வானமும் அகலும் சமமாகும் நேரம்

என் கணினியில் ஒரே படகிலிருந்து, ஒரே படித்துறையைப் பார்த்து எடுத்த மூன்று படங்கள் இருக்கின்றன. முதலாவது மாலை 5.15-க்கு எடுத்தது. அகல் ஏற்றியாகிவிட்டது, ஆனால் படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது 6.20-க்கு எடுத்தது. கறுப்பில் மஞ்சள் புள்ளிகள், அவ்வளவுதான். இது காசியா, எங்கள் தெருமுனையில் கட்டிய சீரியல் செட்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் 5.33-க்கு எடுத்ததில்தான் எல்லாம் இருக்கிறது: கோயில் விமானம், படியில் குந்தியிருப்பவர்களின் முகம், தனித்தனியாகச் சுடர்கள், மேலே அடர்ந்த நீலம். கேமராவும் கையும் அதேதான். மாறியது வானம்.

அன்று காசியில் தேவ தீபாவளி. இந்த விழா வடநாட்டுக் கணக்கில் கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும். நம் பஞ்சாங்கத்தில் சில வருடம் ஐப்பசியில் விழும், சில வருடம் கார்த்திகையில், எப்படியும் கூதிர்காலம்தான். மழைக்கால வெள்ளம் வடிந்தபின், படிகளில் படிந்த வண்டலைக் கழுவித் தள்ளிவிட்டு, அசி கட்டம் தொடங்கி ராஜ்காட் வரை 84 படித்துறைகளிலும் விளக்கு வைப்பார்கள். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல். படம் எடுப்பவருக்கு இந்தத் திசைக் கணக்கு முக்கியம். படகிலிருந்து ஊரைப் பார்த்தால் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். முதுகுப் பக்கம், மணல் திட்டுக்கு மேலே, ஏறக்குறைய அதே நேரத்தில் முழுநிலா எழும்பும்.

அகல் ஐந்து மணிக்குத் தரும் வெளிச்சத்தைத்தான் எட்டு மணிக்கும் தரும். வானம் அப்படியில்லை. சூரியன் மறையும் நேரத்தில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது மிஞ்சுவது மூன்றரை லக்ஸ் போல. காசியில் நவம்பரில் இந்த இறக்கத்துக்கு ஏறத்தாழ 24 நிமிடம் ஆகிறது. கணக்குப் போட்டால், மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிக்கொண்டே போகிறது. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதிக்குப் பாதி போய்விடும். லண்டனில் இருப்பவருக்கு இந்த அவசரம் இல்லை; அங்கே சூரியன் சரிவாக இறங்குவதால் அதே மாதத்தில் சுமார் 35 நிமிடம் கிடைக்கும். குறைந்துகொண்டே போகும் வான வெளிச்சமும் குறையாத சுடரும் ஒரு கட்டத்தில் கேமராவுக்கு ஒத்துவரும் விகிதத்துக்கு வந்து சேர்கின்றன. அந்தச் சந்திப்பைத்தான் படம் பிடிக்கிறோம்.

சரி, அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? பகல் வானம் நீலமாக இருப்பதற்குச் சொல்லும் ஒளிச்சிதறல் காரணம், அதாவது காற்று மற்ற நிறங்களைவிட நீலத்தை அதிகம் சிதறடிக்கிறது என்பது, இங்கே முழுதாகப் பொருந்தாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது அதன் ஒளி காற்றுக்குள் மிக நீண்ட தூரம் குறுக்காக வருகிறது. அவ்வளவு தூரத்தில் நீலம் வழியிலேயே சிதறித் தீர்ந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே வானம் மங்கிய மஞ்சளாகத்தான் தெரிய வேண்டும். தெரிவதில்லை. காரணம் ஓசோன். மேலடுக்கில் இருக்கும் ஓசோன், ஆரஞ்சையும் அதை ஒட்டிய நிறங்களையும் கொஞ்சம் விழுங்குகிறது. பகலில் இது கண்ணுக்கே படாது. அந்தியில் ஒளி ஓசோன் படலத்தைச் சாய்வாகக் கடப்பதால், விழுங்குவது பல மடங்காகி, நீலம் மிஞ்சுகிறது. 1953-இல் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

இந்த நீலத்துக்கு நேர் எதிர் அகல். எண்ணெய்ச் சுடரில் நாம் பார்க்கும் மஞ்சள், எரியாத கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து வீசும் ஒளி. அதன் நிற வெப்பநிலை (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் ஏற ஏற நீலம் கூடும்) 1,900 கெல்வின் வாக்கில். அந்தி வானமோ 10,000 கெல்வினைத் தாண்டும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் ‘மஞ்சள் ஏறிவிட்டது’ என்று முடிவு செய்து அதைக் குறைத்து, அகலை டியூப்லைட் ஆக்கிவிடும். நான் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த நிற ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை, 4,000 கெல்வின் பக்கம் வைத்துவிட்டுக் கைவைப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. சுடரில் சிவப்பு அதிகம், நீலம் சொற்பம். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் சிவப்புப் பிக்சல்கள்தான் முதலில் நிரம்பி வழியும். வழிந்தபின் பச்சை அதை எட்டிப் பிடிக்கும். ஆரஞ்சுச் சுடர் மஞ்சளாகி, அப்புறம் வெறும் வெள்ளைப் பொட்டாகும். கேமரா காட்டும் மொத்த ஒளியளவு வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) நம்பாமல் சிவப்புக்கான வரைபடத்தைத் தனியாகப் பார்ப்பது அதனால்தான்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது தண்ணீர்தான். ஒரு அகலுக்கு நீரில் ஒரு தலைகீழ் அகல் தெரிய வேண்டும். ஆனால் தெரிவது நீளமான பொற்கம்பி. சிற்றலைகளை ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணாடித் துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கமோ எதிர்ப்பக்கமோ 5 பாகை சாய்ந்த துண்டு, பிம்பத்தை மேலும் கீழுமாக 10 பாகை நகர்த்தும். அதனால் கரையோரம் தொடங்கிப் படகு வரை வழிநெடுகப் பல துண்டுகள் அதே சுடரை நம் கண்ணுக்கு அனுப்ப முடிகிறது. பக்கவாட்டில் சாய்ந்த துண்டோ, நாம் தாழ்ந்து பார்க்கும்போது, பிம்பத்தை அதிகம் நகர்த்துவதில்லை. ஆகவே நீளம் உண்டு, அகலம் இல்லை.

தாழ்ந்து பார்ப்பதில் இன்னொரு லாபம். நேர் கீழே பார்த்தால் நீர் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பித் தரும். நீர்மட்டத்தோடு 10 பாகைச் சாய்வில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மேல்படியில் நின்று எடுப்பதைவிடப் படகின் அடித்தட்டில் உட்கார்ந்து எடுப்பது மேல். வேட்டி நனையும், பரவாயில்லை.

முதல் முறை போனபோது படகில் ட்ரைபாடை விரித்தேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, “பய்யா, தரை ஆடினால் கால் மூன்று இருந்து என்ன?” என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். மனிதர் சொன்னது சரி. படகில் அறுபதில் ஒரு நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் சுடரெல்லாம் புழுவாக நெளியும். கரையில் ட்ரைபாட் போட்டால் ஒரு நொடி திறக்கலாம். அலைகள் பட்டுப்போல் இழையும். தொன்னையில் மிதக்கவிட்ட விளக்குகள் மட்டும் கோடு இழுக்கும்.

ஷட்டரை அதிக நேரம் திறக்க முடியாததால், படகில் ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு எண்ணை, ஏற்றத்தான் வேண்டும். ஏற்றினால் ஒளி அதிகமாகிவிடாது; வந்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே. ஒளி துகள் துகளாக, மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழுந்தால் 10 முன்பின்னாக இருக்கும். 10,000 விழுந்தால் 100 முன்பின். முன்னதில் பிசிறு பத்து சதவீதம், பின்னதில் ஒன்று. படத்தின் இருட்டில் தெரியும் பொடிப்பொடியான இரைச்சலில் பெரும்பங்கு இதுதான். செல்போனின் இரவுப் பயன்முறை 16 குறும்படங்களை எடுத்து அடுக்கிச் சராசரி பார்த்தால் இந்தப் பிசிறு கால்வாசியாகிறது. அசையாத கல்படிக்கு அற்புதம். ஆரத்தி சுற்றும் கைக்கு ஆகாது.

விளக்கு எல்லாமே அகலில்லை, எல்.இ.டி.யும் நிறைய. மட்டமான எல்.இ.டி., மின்சாரத்தின் 50 சுழற்சிக்கு ஏற்ப நொடிக்கு 100 முறை துடிக்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். ஷட்டரை ஐம்பதிலோ நூறிலோ ஒரு நொடிக்கு வைத்தால் மறையும். படகில் நூறுதான் பத்திரம். லேசர் காட்சி நடக்கும் திசையில் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். நேராகப் பட்டால் சென்சாரே பொசுங்கிவிடும்.

கடைசியாக நிலா. அது வெயிலில் கிடக்கும் பாறை. நன்கு மேலே ஏறியபின் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 (லென்ஸின் சிறிய திறப்பு), நூறில் ஒரு நொடி போதும். அகலுக்கு வைத்த எக்ஸ்போஷரில் (கேமரா ஒளி வாங்கும் அளவில்) அது வெள்ளை வட்டமாக வெந்துபோகும். ஆனால் எழும்பிய முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில், ஆற்று மூட்டமும் ஊர்ப்புகையும் அதன் ஒளியில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். செம்மண் நிறத்தில், மங்கலாக, மணலை ஒட்டித் தொங்கும். அப்போது நிலாவும் வானமும் விளக்கும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். என்ன, அந்த நேரத்தில் எல்லாப் படகுகளிலும் எல்லோரும் ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான். நிலா ஞாபகம் வந்து திரும்பியபோது மணி 5.50.