கட்டு அவிழ்ந்ததும் அவள் எதைப் பார்த்தாள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சிங்கப்பூர் யீஷூனில் சித்தி வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு காதல் படம் பார்த்தோம். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண், அவளையே சுற்றிச் சுற்றி வரும் பையன், இடைவேளைக்குப் பிறகு ஓர் அறுவை சிகிச்சை. படத்தின் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்தக் கதையை எத்தனை மொழியில் எத்தனை முறை எடுத்திருக்கிறார்கள் என்று எண்ணினால் விரல் போதாது.

படம் முடிந்ததும் முறுக்குத் தட்டைச் சுற்றிச் சண்டை தொடங்கியது. கண் கட்டை அவிழ்த்ததும் எதிரே நிற்கும் மூன்று பேரில் காதலனை மட்டும் அவள் சட்டென்று கண்டுகொள்ளும் காட்சியில் சித்தி அழுதுவிட்டார். "அதுதான் உண்மையான அன்பு" என்பது அவருடைய தீர்ப்பு. மாமாவின் குறை வேறு. பார்வை வந்த பிறகும் அவள் படிக்கட்டில் தடுமாறுகிறாள், கண்ணை மூடிக்கொண்டு கோப்பையைத் தடவி எடுக்கிறாள். "அதான் கண்ணு வந்துடுச்சே, அப்புறம் என்ன தடவல்? படத்தை இழுத்துட்டான்" என்றார் மாமா.

எனக்கு இரண்டு பேரோடும் ஒத்துப்போகவில்லை. இயக்குநர் தெரிந்து எடுத்தாரோ தெரியாமல் எடுத்தாரோ, மாமா கொட்டாவி விட்ட காட்சிதான் அந்தப் படத்திலேயே மெய்யானது. சித்தி அழுத காட்சி நடக்க வாய்ப்பே இல்லை.

முதலில், அந்த அறுவை சிகிச்சையில் எதைச் சரிசெய்கிறார்கள்? சினிமாவில் ஒருவர் இறப்பார், அவருடைய கண்ணை எடுத்து இன்னொருவருக்கு வைப்பார்கள். நிஜத்தில் முழுக் கண்ணை மாற்றி இதுவரை யாருக்கும் பார்வை வந்ததில்லை. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. வெட்டிய பிறகு அவற்றை ஒட்டவைக்க வழி தெரியவில்லை. 2023-இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணைப் பொருத்தினார்கள். கண் வாடவில்லை, ரத்தம் ஓடியது, ஆனால் பார்வை வரவில்லை.

மாற்றக்கூடியது கார்னியா. கைக்கடிகாரத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரி, கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலம் அது. கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அது மங்கிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. 1905-இலேயே எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் ஒருவருடைய கார்னியாவை இன்னொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்திவிட்டார். சிங்கப்பூரில் 2004 முதல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் கார்னியாவும் சேர்ந்திருக்கிறது. 21 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத வரை, இறந்த பிறகு அதைத் தரச் சம்மதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சித்திக்கு இது புதுச் செய்தி. "அப்ப என்னோடதும் போயிடுமா?" என்று ஒரு கணம் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு வகை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது, அதாவது கண்புரை. இது முதியவர்களுக்கு வருவது என்று நினைக்கிறோம். சில குழந்தைகள் பிறக்கும்போதே புரையோடு பிறக்கிறார்கள். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் வழி திறந்துவிடும்.

இந்த இரண்டையும் தாண்டிய ஒன்றும் உண்டு, சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். கார்னியா மாற்றினாலும் நிற்காத அளவுக்குக் கண்ணின் முன்பக்கம் கெட்டுப்போனவர்களுக்கு, அவர்களுடைய பல் ஒன்றை எலும்போடு பிடுங்கி, அதில் துளை போட்டு, சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் குழல் ஒன்றைச் செருகி, சில மாதம் கன்னத்துக்குள் வைத்துத் திசு வளரவிட்டு, பிறகு கண்ணில் பொருத்துகிறார்கள். இத்தாலியில் 1960-களில் பிறந்த இந்த முறை சிங்கப்பூர் தேசிய கண் நிலையத்துக்கு 2004-இல் வந்தது. இதை வைத்து ஏன் இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

சரி, வழி திறந்தாயிற்று. வெளிச்சம் விழித்திரையில் விழுகிறது. அங்கே விழுவது தட்டையான, தலைகீழான, பொட்டுப் பொட்டான ஒளி. எது பொருள், எது நிழல், எது கிட்டே, எது எட்டத்தில் என்று அதில் எழுதி ஒட்டியிருக்காது. தேக்கா சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கும் பூசணிக்காயை ஒரே பார்வையில் "முழுப் பூசணி" என்று பிரித்துக்கொள்கிறோமே, அந்த வேலையைச் செய்வது மூளை. அதை அது பிறந்த நாளிலிருந்து, நமக்கு நினைவில்லாத மாதங்களில், படித்துக்கொண்டது.

படிக்காத மூளைக்கு என்ன ஆகும்? டப்ளினில் இருந்த வில்லியம் மோலிநியூ 1688-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் கிட்டத்தட்ட இதையே கேட்டார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்கு உருண்டையும் கனசதுரமும் கையால் தொட்டு நன்றாகத் தெரியும். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து எது உருண்டை என்று சொல்ல முடியுமா? மோலிநியூவின் மனைவிக்குப் பார்வை இல்லை. கேள்வி வெறும் தத்துவத்தில் பிறந்ததல்ல என்று எனக்குத் தோன்றும்.

விடை கிடைக்க 300 ஆண்டுக்கு மேல் ஆனது, அதுவும் நம் பக்கத்திலிருந்து. பவன் சின்ஹா என்ற மூளை அறிவியலாளர், வட இந்தியக் கிராமங்களில் புரையோடு பிறந்து சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளைத் தேடிப் பார்வை கொடுக்கும் 'பிரகாஷ்' திட்டத்தைத் தொடங்கினார். அவர்களில் 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம், சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள், விளையாட்டுக் கட்டைகள் போன்ற உருவங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். தொட்ட கட்டையை மறுபடி தொட்டு அடையாளம் காண்பதில் 98 சதவீதம் சரி. பார்த்ததை மறுபடி பார்த்துச் சொல்வதில் 92. தொட்டதைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் 58. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 வந்துவிடும். 2011-இல் வெளியான முடிவு இது. கண் வேலை செய்கிறது, கை வேலை செய்கிறது, இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. சில நாளில் அந்தப் பாலம் மெல்ல உருவானதையும் அதே குழு பார்த்தது.

தமிழில் இதைச் சொல்ல ஒரே வினையில் இரண்டு வழி இருக்கிறது. "கட்டை தெரிகிறது" என்றால் கண்ணில் படுகிறது. "கட்டையைத் தெரியும்" என்றால் அறிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு முதலாவது ஒரே நாளில் வந்துவிட்டது.

இப்போது மாமாவின் படிக்கட்டுக்கு வரலாம். புதிதாகப் பார்ப்பவருக்குப் படி என்பது தரையில் கிடக்கும் கோடுகள். மத்தியான வெயிலில் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண் நிழல் விழுந்திருக்குமே, அது நிழலா, பள்ளமா, கறுப்புத் துணியா? 'பிரகாஷ்' பிள்ளைகளும் தொடக்கத்தில் நிற மாற்றமும் வெளிச்ச மாற்றமும் உள்ள ஒவ்வொரு திட்டையும் தனித்தனிப் பொருளாகவே எண்ணினார்கள். கை கொடுத்தது அசைவு. எந்தத் திட்டுகள் ஒன்றாக நகர்கின்றனவோ அவை ஒரே பொருள். நகரும் பந்தை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு நிற்கும் பந்தையும் கற்றுக்கொண்டார்கள்.

ஆழம் என்றால் என்ன என்பதற்கு சிட்னி பிராட்ஃபோர்டின் கதையைவிட நல்ல சாட்சி இல்லை. இங்கிலாந்துக்காரர், பத்து மாதக் குழந்தையாக இருக்கும்போது பார்வை போனது. 52 வயதில், 1958 இறுதியிலும் 1959 தொடக்கத்திலுமாக இரண்டு கண்ணிலும் கார்னியா மாற்றினார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி அவரைத் தேடிப்போய் மாதக்கணக்கில் கவனித்தார். மருத்துவமனை மாடியின் ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்த பிராட்ஃபோர்ட், ஜன்னலைக் கையால் பிடித்துத் தொங்கினால் கால் தரையில் பட்டுவிடும் என்று நினைத்தார். தரையோ முப்பது நாற்பது அடி கீழே. பதினோராவது மாடியில் குடியிருக்கும் எனக்கு இதைப் படித்தபோது வயிறு ஒரு பிடி பிடித்தது.

ஆனால் அதே மனிதர் பெரிய ஆங்கில எழுத்துகளை (A, B, C) உடனே படித்தார்! பார்வையற்றோர் பள்ளியில் அந்த எழுத்துகளை மரத்தில் பொறித்துத் தடவக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். சின்ன எழுத்துகளை (a, b, c) கற்றுத் தரவில்லை, அவை அவருக்குப் புரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணியும் சொன்னார், ஏனென்றால் சட்டைப் பையில் கண்ணாடி இல்லாத கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு முள்ளைத் தடவியே மணி பார்த்துப் பழகியவர். பேருந்தை வரையச் சொன்னால் சக்கரமும் ஜன்னலும் வந்தன, முன்பக்கம் மட்டும் வரவில்லை. அதை அவர் தொட்டதே இல்லை. லண்டன் அருங்காட்சியகத்தில் கடைசல் இயந்திரம் ஒன்றின் முன் நிறுத்தியபோது எதுவும் புரியாமல் நின்றார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விட்டதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுவதும் தடவினார். பிறகு சற்றே பின்வாங்கி நின்று, தொட்டுவிட்டேன், இனி என்னால் பார்க்க முடியும் என்றார்.

மாமாவுக்கு அந்தக் கோப்பைக் காட்சி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். தடவுவது பழக்கதோஷமில்லை. அவளுக்கு அதுதான் அகராதி.

இதில் சோகமும் உண்டு. பார்வையில்லாதபோது தயங்காமல் சாலையைக் கடந்த பிராட்ஃபோர்ட், பார்வை வந்தபின் வண்டிகளைக் கண்டு நடுங்கினார். பெயின்ட் உரிந்த சுவரும் அழுக்கும் அவரைச் சோர்வாக்கின. மாலையில் விளக்கே போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார். 1960-இல் இறந்துவிட்டார். கிடைத்த பார்வை எல்லாருக்கும் இப்படித்தான் முடியும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் திரைப்படங்கள் இந்த மாலை நேரங்களைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

ஏன் ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள முடிவதில்லை? டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் தைத்து மூடி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தால், கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மூளை அதைக் கண்டுகொள்ளவில்லை. திறந்திருந்த கண் அதன் இடத்தையும் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தால் எதுவும் ஆவதில்லை. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களிலும் இடம் காலியாக இருப்பதில்லை. பார்வையற்றவர் விரலால் தடவிப் பிரெய்ல் எழுத்தைப் படிக்கும்போது, நமக்குப் பார்வைக்கென்று இருக்கும் பின்மூளைப் பகுதி விரலுக்காக வேலை செய்வது 1996-இல் வெளியான மூளைப் படங்களில் தெரிந்தது. ஒரு கண் சரியாகப் பார்க்கப் பழகாத, அதாவது சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு நல்ல கண்ணை மூடிக் கட்டுவதும் இதே கணக்கில்தான்: சின்ன வயதிலேயே மற்றக் கண்ணுக்கு இடம் பிடித்துக் கொடுக்க.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் முகம். கனடாவில், புரையோடு பிறந்து சில மாதத்திலேயே சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். மற்றதெல்லாம் நன்றாகப் பார்க்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி போன்ற நுணுக்கத்தில் மட்டும் வேறுபடும் முகங்களைப் பிரிப்பதில் தடுமாறினார்கள். மூன்று வயதில் விபத்தில் பார்வை இழந்து, 43 ஆண்டு கழித்து 2000-இல் ஒரு கண்ணில் திரும்பப் பெற்ற மைக் மே என்ற அமெரிக்கருக்கு நிறமும் அசைவும் உடனே வந்தன. தெரிந்தவர்களின் முகம் வரவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழித்துச் சோதித்தபோதும் பெரிய மாற்றமில்லை. பனிச்சறுக்கு வீரரான அவர், பார்வை வந்த புதிதில் சறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாராம். மாமா, கேட்டீர்களா?

பிறவியில் பார்வை இல்லாதவர்களையும் குழந்தையிலேயே இழந்தவர்களையும் பற்றித்தான் இவ்வளவும். நன்றாகப் பார்த்து வளர்ந்து, முப்பதிலோ எழுபதிலோ மங்கியவருக்கு மூளை ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டது. அம்மாவுக்கு 72 வயதில் புரை எடுத்தார்கள். மறுநாள் அலமாரியைத் திறந்து, "இந்தப் புடவை நீலமா? பச்சைன்னு நினைச்சேனே" என்றார். வயதான லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு கண்ணாடியைப் பார்த்து, முகத்தில் இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது என்று எங்களையே கேட்டார். வீட்டில் தூசி இருப்பதாகவும் அன்றுதான் கண்டுபிடித்தார். எங்கள் முகங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. படத்தின் நாயகி இருபது வயதில் பார்வை இழந்தவளாக இருந்திருந்தால், அவள் ஏற்கெனவே அறிந்த முகங்களுக்காவது சித்தியின் கண்ணீர் நியாயமானதே.

இதையெல்லாம் போன வாரம் சித்தியிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "அப்ப நிஜத்துல கட்டு அவிழ்த்ததும் என்னதான் தெரியும்?"

பிராட்ஃபோர்டுக்கு என்ன தெரிந்தது என்பது பதிவாகியிருக்கிறது. கட்டை எடுத்தபோது எதிரே சற்று ஒதுங்கி நின்ற மருத்துவரின் குரல் கேட்டது. குரல் வந்த பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கலங்கல் தெரிந்தது. குரல் வருவது முகத்திலிருந்து என்று அறிந்தவர் என்பதால், இது முகமாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டார். குரல் மட்டும் கேட்டிருக்காவிட்டால், தான் பார்ப்பது முகம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏன்டா, அப்ப அந்தப் பையன் மூணு பேரோட ஊமையா நிக்காம, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தா போதுமே!"