ஒரு தேவாரத்துக்குள் எதுகை, மோனை, உருவகம்

சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் படித்த யாரைக் கேட்டாலும், "முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை" என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். அது ஏன் காதுக்குப் பிடிக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். திருகோணமலைக்காரர் இதற்கு ஊர் விட்டு ஊர் போகவேண்டியதில்லை. கோணேசர் மீது சம்பந்தர் பாடிய 7ஆம் நூற்றாண்டுப் பதிகமே போதும். இராமேசுவரத்தில் நின்றபடி பாடினார் என்பது மரபு.

முதற்பாட்டின் நான்கு அடிகளும் நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல் என்று தொடங்கும். நான்கிலும் இரண்டாம் எழுத்து 'ரை'. அதற்கு முன் நிற்கும் நி, வ, க, கு நான்கும் குறில். எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்துவர வேண்டும். 'கரை'க்கு 'வரை' எதுகை, 'தேரை' ஆகாது. முதலெழுத்து நீண்டால் 'ரை' வந்து விழும் நேரம் தள்ளிப்போகும், காது காத்திருந்த இடத்தில் அது கிடைக்காது.

மோனை இன்னும் சுவையானது. கடைசி அடியைப் பாருங்கள்: "குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே." கு, கொ, கோ மூன்றும் இங்கே மோனை. எழுத்து வேறு வேறாயிற்றே என்பவர் கண்ணாடி முன் நின்று மூன்றையும் சொல்லிப் பார்க்கட்டும். மூன்றுக்கும் உதடு குவியும். உ, ஊ, ஒ, ஓ இதழ் குவிந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். யாப்பு அந்த நான்கையும் ஓரினமாக வைக்கிறது. இ, ஈ, எ, ஏ நாக்கின் முன்பகுதி உயர்ந்து பிறப்பவை, அவை இன்னோரினம். ஐயும் ஔவும் அகரத்தோடு சேர்கின்றன. அய், அவ் என்று வாய் அகரத்தில்தானே தொடங்குகிறது? இதை அட்டவணையாக்கி மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை என்பேன். வாய்விட்டுப் படித்தால் தானே பிடிபடும்.

உவமை, உருவகத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மலர்விழி உவமை, விழிமலர் உருவகம்; சொல் இடம் மாறியதும் 'போன்ற' கழன்றுவிடுகிறது. ஆனால் அதே கடைசி அடியில் 'கொழிக்கும்' என்ற வினைக்குள்ளேயே ஓர் உருவகம் இருக்கிறது. சுளகில் அரிசியைப் போட்டு இடமும் வலமுமாக அசைத்துக் கல்லும் குறுநொய்யும் பிரிப்பது கொழித்தல். தூக்கித் தூக்கித் தட்டினால் அது புடைத்தல். ஓதம், அதாவது அலை, ஏறியும் இறங்கியும் நித்திலத்தை, அதாவது முத்தை, பிரித்து ஒதுக்குகிறது.

கடற்கரையில் உண்மையாகவே இப்படித்தான் நடக்கிறது. ஏறும் அலை எல்லா மணலையும் கலந்து கொண்டுவரும். இறங்கும்போது அதன் வேகம் குறைவு, ஆகவே இலேசானதை இழுத்துக்கொண்டு பாரமானதைக் கரையில் விட்டுப்போகும். இல்மனைற் என்ற கருமணலின் அடர்த்தி சாதாரண வெண்மணலினதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. நம் மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கரை கறுத்துக் கிடப்பதும், அங்கே கனியமணல் அள்ளுவதும் இந்தக் கொழிப்பினால்தான்.