அப்பத்தாவின் விரல்களும் தைமஸ் சுரப்பியும்

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா ஓலைக் கொட்டான் முடைவதை விட்டதற்கு வயசுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது, இரண்டு மணிக்கட்டும் ஒன்றுபோல வீங்கும். "வாதந்தாப்பா, எண்ணெய் தேய்ச்சாப் போயிரும்" என்பார். போகவில்லை. அது முடக்குவாதம், மூட்டுக்குள் இருக்கும் சவ்வை நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்குகின்றன என்று டாக்டர் சொன்னதும், "என் உடம்புக்கு என்னையவே தெரியலையா?" என்று கேட்டார்.

தெரியவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் எதைப் பிடிக்கும் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான் அமைகிறது, அதனால் நம் உறுப்புகளையே பிடிக்கும் செல்களும் பிறந்துவிடும். நம் ஊர் வீடுகளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன பங்காளிகள் வரை எல்லார் படமும் சுவரில் மாட்டியிருக்குமே, அந்த மாதிரி, ஏஐஆர்ஈ என்ற மரபணுவின் உதவியால் தைமஸ் இன்சுலின் உட்படப் பல உறுப்புகளின் புரதங்களைத் தானே கொஞ்சம் தயாரித்து வைக்கிறது, கணையத்தைக் கண்ணால் பார்க்காத டி செல்லும் இன்சுலினை அங்கேயே பார்த்துவிடும். பார்த்ததும் இறுகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் அதற்கு அங்கேயே சாவு.

ஆனால் இந்தச் சல்லடையில் ஓட்டை உண்டு. தன் உடம்பையே பிடிக்கும் செல்கள் நோயே இல்லாத உங்களுக்கும் எனக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அதேபோல் தன் உடம்பையே பிடிக்கும் சில எதிர்பொருள்கள், அதாவது நோய் எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் புரதங்கள், செத்த செல்களை அப்புறப்படுத்த உதவவும் செய்கின்றன. அப்புறம் ஏன் எல்லாருக்கும் நோய் வருவதில்லை? மற்ற செல்களை அடக்கி வைக்கும் ஒரு தனி வகை டி செல் இருக்கிறது என்று ஜப்பானின் ஷிமோன் சாகாகுச்சி 1995-ல் காட்டினார், அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் 2001-ல் கண்டுபிடித்தார்கள், மூவருக்கும் 2025-ல் நோபல். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் குடல், தோல், கணையம் என்று கைக்குழந்தையிலேயே தாக்குதல் தொடங்கிவிடும்.

முடக்குவாதத்தில் கட்டுப்பாடு ஒரே நாளில் குலைவதில்லை. மூட்டு வலிப்பதற்குப் பல வருஷம் முன்பே எதிர்பொருள்கள் ரத்தத்தில் தென்படலாம். பரம்பரை, புகைபிடித்தல், கொஞ்சம் தற்செயல், எல்லாம் சேர்ந்துதான் வருகிறது.

அப்பத்தாவுக்கு இப்போது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து. வாரத்துக்கு ஒரே நாள்தான், தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.