தொட்டியில் ஒரு கஞ்சாச் செடி: 6பி பிரிவு என்ன சொல்கிறது?

முளைத்து நாலு இலை விட்ட கஞ்சாக் கன்று வாடிப்போனால் என்ன செய்வது என்று இணையத்தில் தேடினால், தண்ணீரைக் குறை, வெயிலில் வை, மண்ணை மாற்று என்று யோசனைகள் கொட்டுகின்றன. எழுதியவர்களில் பலர் வீட்டில் வளர்ப்பது குற்றமில்லாத நாடுகளில் இருப்பவர்கள். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் பெரியவர் ஒருவருக்கு மூன்று. மலேசியாவில், பட்டர்வொர்த்திலோ ஜெலுத்தோங்கிலோ அடுக்குமாடி பால்கனியில் அதே கன்றை வைத்திருக்கும் நம் பிள்ளை அந்த யோசனைகளைப் படிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் வேறு.

அது மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம், 6பி பிரிவு. கஞ்சா கிடைக்கக்கூடிய செடியை நட்டாலோ வளர்த்தாலோ ஆயுள் சிறை, அதோடு குறைந்தது ஆறு பிரம்படி. அபராதம் கட்டிவிட்டு வரலாம் என்ற வழியே இதில் இல்லை. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது, சிறை உண்டு.

பலர் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். காய்ந்த கஞ்சா கையில் பிடிபட்டால் எடையைப் பார்க்கிறார்கள். 20 கிராமுக்குக் கீழே என்றால் பொதுவாக 6ஆம் பிரிவு: ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 முதல் 50 கிராமுக்குள் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு, மூன்றிலிருந்து ஒன்பது பிரம்படி. 50 கிராமைத் தொட்டால் குறைந்தது ஐந்து ஆண்டு, ஆயுள் வரை போகலாம். பிரம்படி பத்துக்குக் குறையாது. 200 கிராமிலிருந்து கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கிறது. அதற்கு மரண தண்டனை இப்போது கட்டாயமில்லை என்றாலும் சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

செடிக்கு இப்படிப் படிக்கட்டு இல்லை. ஒரு செடியா பத்துச் செடியா, பூத்ததா, பட்டுப்போகும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்கும் வரி 6பி பிரிவில் கிடையாது. "ஒரே ஒரு கன்றுதானே, சின்னக் கேஸ்" என்று நண்பன் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு கிராம் இலை வைத்திருப்பவனைவிட, இன்னும் கிள்ள ஒரு இலைகூட இல்லாத கன்றை நட்டவன் பெரிய தண்டனையை எதிர்கொள்கிறான்.

வீட்டில் இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் நடுவில் மகன் வைத்த தொட்டிக்கு அம்மாதான் காலையில் தண்ணீர் ஊற்றுகிறார். தம் இடத்தில் வளர அனுமதிக்கும் உரிமையாளரும் குடியிருப்பவரும்கூட 6பி பிரிவுக்குள் வருகிறார்கள். போதைப்பொருள் ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தது நிரூபணமானால், அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே 37ஆம் பிரிவு அனுமானிக்கிறது. தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுகிறது. ஒன்றும் அறியாத ஒரு தாய் நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க வேண்டிய நிலைமைக்கு வரவே கூடாது.

கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்பதால் விசாரணைக்காக ஏழு நாள், பிறகு இன்னொரு ஏழு நாள் வரை காவலில் வைக்க உத்தரவு வாங்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு குடும்பத்துக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரிடம் பேசவும் உரிமை தருகிறது. கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம், அதாவது ஒய்பிஜிகே, உண்டு. கைது, தடுப்புக்காவல் கட்டத்தில் வருமானம் பார்க்காமல் உதவுவார்கள். முழு விசாரணைக்கு வருமான வரம்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்ட பிறகு ஜாமீன் இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய போதைப்பொருள் குற்றங்களுக்கு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு அதைத் தடுக்கிறது. வழக்கு முடியும் வரை பிள்ளை உள்ளேதான்.

ஏற்கெனவே வீட்டில் செடி இருக்கிறது என்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் விசாரிக்கலாம்.

மருந்துக்காக என்று சொன்னாலும் நிலைமை மாறாது. உரிய சட்டங்களுக்கு உட்பட்டு, பதிவு செய்த கஞ்சா மருந்துப் பொருளை இறக்குமதி செய்து பயன்படுத்தலாம் என்று 2021 நவம்பரில் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். வீட்டில் வளர்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

ஹட்யாய் போய் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025இல் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. அங்கே எப்படி மாறினாலும் புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லையைத் தாண்டியதும் நம் சட்டம்தான். திரும்பி வந்தபின் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தால் அதே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் குற்றச்சாட்டு வரலாம்: 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை.

பழக்கத்தை விட முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் கீழ் அவரே மாவட்ட ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) அலுவலகத்துக்குப் போய்ச் சிகிச்சை கேட்கலாம். வயது வராதவர் என்றால் பெற்றோர் அவருக்காக விண்ணப்பிக்கலாம்.