டிரிப்ஸ் ஏற்றினால் தேறி, மறுபடியும் சுருண்டு படுக்கும் நாய்

ஐந்து வயதுப் பெண் நாய். மூன்று மாதத்தில் நான்காவது முறையாகத் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், நடுங்கும். டிரிப்ஸ் ஏற்றியதும் எழுந்து வாலாட்டும். முதல் மூன்று முறையும் வயிற்றுக் கோளாறு என்றே மருந்து கொடுத்தேன். நான்காவது முறை அது எழவே இல்லை. ஈறு வெளிறி, உடல் சில்லிட்டிருந்தது. அந்த நிலையில் இதயம் படபடவென்று அடிக்க வேண்டும். இதற்கோ மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, சோடியம் இறங்கியிருந்தது. யூரியா, கிரியாட்டினினும் உயர்ந்திருந்தன. இந்த எண்களைப் பார்த்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று கைவிடப்படும் நாய்களை நினைத்தால் மனம் பதறுகிறது. பழுது, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியில். பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே அதை அழித்துவிடுகிறது. பதற்றத்தைத் தாங்க உதவும் கார்ட்டிசால், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் வற்றிப்போகின்றன. இதுவே அடிசன் நோய்.

சோடிய அளவைப் பொட்டாசிய அளவால் வகுத்து 27-க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். குடற்புழுவாலும் அப்படி வரலாம். சில அடிசன் நாய்களுக்கு உப்பு அளவு சரியாகவே இருக்கும். கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இந்த நோய் அநேகமாக இல்லை. குறைவாக இருந்தால் அட்ரீனலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் 2-ஐத் தாண்டாவிட்டால் உறுதி. பரிசோதனைக்கு முன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துவிடாதீர்கள், அது கார்ட்டிசால் கணக்கில் சேர்ந்துவிடும்.

சிகிச்சை வாழ்நாள் முழுவதும். ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தினமும், அல்லது டி.ஓ.சி.பி. ஊசி ஏறக்குறைய 25 நாளுக்கு ஒருமுறை. கூடவே தேவைக்கேற்பச் சிறிதளவு பிரெட்னிசோலோன். நாய் துள்ளுகிறதே என்று நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. அரிப்புக்கென்று மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலும் சுரப்பி கைவிரித்துவிடும். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடிசன் நாயின் உடல் பதற்றத்தைத் தாங்காது. தீபாவளி வெடி, வெளியூர்ப் பயணம், விடுதியில் விடுவது, அறுவைச் சிகிச்சை எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, பிரெட்னிசோலோன் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரட்டிப்பாக்கச் சொல்வோம். அந்தப் பெண் நாய்க்கும் வெடிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே கூட்டிவிடுகிறோம்.