ஆயிரம் கையெழுத்து, ஒரே ஆட்சேபணை

மேற்குத் தொடர்ச்சி மலையைச் சூழல் உணர்திறன் பகுதியாக (சுரங்கம், ஆலை போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) அறிவிக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வரைவு 2014 முதல் பலமுறை வந்துவிட்டது. 2024 ஜூலை 31 தேதியிட்ட வரைவில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். கருத்துச் சொல்ல 60 நாள் தரப்பட்டது. ஒரே படிவத்தை அச்சடித்து ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாலும், படிப்பவருக்கு அது ஒரே கருத்துதான். ஆயிரம் பேரும் தத்தம் இடத்தைப் பற்றி ஆளுக்கொரு தகவல் தந்தால் கதையே வேறு.

நீலகிரியில் முதலில் சறுக்குவது ஊர்ப்பெயரில். வரைவின் பட்டியல் வருவாய் கிராம வாரியாக இருக்கும். நம் வாயில் வருவதோ ஹட்டி (படுகர் ஊர்), மந்து (தோடர் குடியிருப்பு), எஸ்டேட் பெயர்கள். ஆகவே வட்டம், வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். சிட்டாவைப் பார்த்தால் இவை கிடைக்கும். கூடலூரில் பிரிவு 17 நிலம் (ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை தீராத நிலம்) என்றால் பட்டா இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். நிலத்தின் நிலையை அப்படியே எழுதலாம்.

அடுத்து படம். கேமராவில் இருப்பிடப் பதிவை இயக்கி எடுத்தாலும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சோலைக்குள்ளும் பள்ளத்திலும் ஜிபிஎஸ் பிசகும்; திறந்த வெளிக்கு வந்து ஒரு நிமிடம் நின்று, இருமுறை குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அட்சம் 11-இலும், தீர்க்கம் 76-இலும் தொடங்க வேண்டும். கிழக்கு ஓரத்தில் மட்டும் 77 வரலாம். வேறு எண் வந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லோர் தகவலையும் தொகுத்துப் பொதுவில் பகிரும் அட்டவணையில் ஆதார் எண்ணோ, அரிய ஆர்க்கிட் வளரும் இடமோ இருக்கக் கூடாது. இரண்டையும் தேடித் திருட ஆள் உண்டு.

கிராம சபைத் தீர்மானம் சேர்ந்தால் எடை கூடும். ஆனால் ஆண்டின் ஆறு வழக்கமான கூட்டங்கள் 60 நாள் கெடுவுக்குள் விழாமல் போகலாம். அப்போது சிறப்புக் கூட்டம் கேட்க வேண்டும். மாவட்டத்தில் ஊராட்சிகள் 35 மட்டுமே. பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது, பகுதி சபைதான்.

கூட்டுக்கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. ஐஸ்லாந்தில் 2011-இல் 25 பேர் குழு, மக்கள் கருத்தை இணையத்தில் வாங்கி அரசியலமைப்பு வரைவை எழுதியது. 2012 வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தும் நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. அதனால்தான் அனுப்பியதோடு விடக்கூடாது. கெடு முடிந்தபின், உங்கள் கிராமம் பற்றி எத்தனை ஆட்சேபணை வந்தது, ஒவ்வொன்றின் மீதும் என்ன முடிவு என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. அனுப்பிய கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.