அண்ணாவியாரின் மத்தளம் ஏன் தகரமாகக் கேட்டது?

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஸ்டூடியோ. ஒரு லப்டொப், இரண்டு மைக், இரண்டு மைக்குகளை மட்டும் செருகக்கூடிய சின்ன ஓடியோ இன்டர்பேஸ், அதாவது மைக்கின் ஒலியை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. போன வருடம் வடமோடிக் கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியார் ஒருவரை அழைத்து வந்து சில தருக்களை (கூத்துப் பாடல்களை) பதிவு செய்தேன். போட்டுக் காட்டியதும் அவர் முகம் மாறியது. “என்ன மனே, எண்ட மத்தளம் ஓட்டைத் தகரம் மாதிரிக் கேக்குது?”

அவர் சொன்னது சரி. காரணத்தைத் தேடப் போய்த்தான் இந்தப் பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒழுங்காகப் படித்தேன்.

ஒருவர் மைக்குக்குக் கிட்ட நின்று உரத்துப் பாடினாலும் சாதாரண டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். மெதுவாகப் பேசினால் அதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. இதைப் பெருக்குவதுதான் பெட்டியின் முதல் வேலை. கெயின், அதாவது பெருக்கும் அளவு, 60 டெசிபெல் என்றால் ஆயிரம் மடங்கு. பாட்டு ஆயிரம் மடங்கு பெருகும்போது பெருக்கியின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகும். பழைய மிக்ஸர்களில் பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்று கேட்டதே, அதுதான். இந்த இடத்தில் இன்றைய மலிவான பெட்டிகளைக்கூட மனதாரப் பாராட்ட வேண்டும். எந்த மின்தடையிலும் வெப்பத்தால் இயல்பாக எழும் இரைச்சல் ஒன்று உண்டு. அதற்குக் கீழே இறங்க இயற்பியல் விடாது. நல்ல பெட்டிகள் அந்த எல்லைக்குச் சில டெசிபெல் பக்கத்திலேயே வந்துவிட்டன.

அடுத்தது, பெருக்கிய மின்னலையை எண்களாக்குவது. வழக்கமாக ஒரு விநாடிக்கு 48,000 தடவை அலையின் உயரம் அளக்கப்படுகிறது. அளக்கும் வேகத்தில் பாதிக்குக் குறைந்த அதிர்வெண்கள் எல்லாவற்றையும் அந்த எண்களில் இருந்து முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பதைக் குளோட் ஷனன் 1949இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதால் சல்லரித் தாளத்தின் மினுமினுப்புக்கும் 48,000 போதும். அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேலே உள்ளதை முதலிலேயே வடிகட்ட வேண்டும். விட்டால் 30,000 ஹேர்ட்ஸ் அதிர்வு ஒன்று மடிந்து, இல்லாத 18,000 ஹேர்ட்ஸ் ஒலியாக வந்து நிற்கும். பெட்டிக்குள் அந்த வடிகட்டியும் இருக்கிறது. ஆக, அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடும் 192,000 என்ற எண்ணைப் பார்த்து அதிகக் காசு கொடுக்காதீர்கள். விடியும்வரை ஆடும் எட்டு மணி நேரக் கூத்துக்கு 48,000இல் ஒரு மைக்குக்கு 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். 192,000இல் அதுவே நான்கு மடங்கு. காதுக்கு லாபம் எதுவும் இல்லை.

என் பிழைக்கு வருகிறேன். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் (0, 1 என்ற 16 இலக்கங்களில்) எழுதினால் 65,536 படிகள். 24 பிட்டில் 1 கோடி 67 லட்சத்துக்கும் மேல். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல் என்று கணக்கு. ஆனால் எத்தனை படி இருந்தாலும் கடைசிப் படிக்கு மேலே எண்ணே கிடையாது. அண்ணாவியார் பாடியபோது பெட்டியில் ஒலி அளவைக் காட்டும் விளக்கு பச்சையாக இருந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். மத்தளத்தில் அவர் கை விழும் கணம் சில மில்லிவிநாடிதான். அந்த நேரத்தில் அலை கூரையில் முட்டி, உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது. தட்டையான அலை என்றால் மத்தளத்தில் இல்லாத புதிய மேல் அதிர்வெண்கள் பிறக்கும். அவர் கேட்ட தகரச் சத்தம் அதுதான். அதைப் பிறகு சரியாகத் திருத்த முடியாது.

தீர்வு மிக எளிது. ஆகப் பலமான அடியும் உச்சிக்கு 12 டெசிபெல்லாவது கீழே நிற்கும்படி கெயினைக் குறைக்க வேண்டும். அதனால் இரண்டு பிட் வீணாகும், போகட்டும். நல்ல பெட்டிகள் நடைமுறையில் 110 டெசிபெல் வீச்சாவது தருகின்றன. ஃபேன் சுற்றும், காகம் கரையும் நம் வீட்டறையில் பாட்டுக்கும் பின்னணிச் சத்தத்துக்கும் இடையே 50, 60 டெசிபெல் கிடைப்பதே பெரிய காரியம். பெட்டி நம் வீட்டைவிட எவ்வளவோ அமைதியானது.

தாமதத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கணினி ஒலியை 256 அளவுகள் கொண்ட பொதியாக வாங்கினால், போக 5.3, வர 5.3 மில்லிவிநாடி, மற்றதையும் சேர்த்தால் 12ஐத் தாண்டும். ஒலி காற்றில் 4 மீற்றர் போக எடுக்கும் நேரம் அது. கூத்துக் களரியில் (ஆடும் அரங்கில்) ஆடுபவருக்கும் மத்தளத்துக்கும் அந்தத் தூரம் சாதாரணம், தாளம் தப்பாது. ஆனால் தன் குரலே ஹெட்போனில் அவ்வளவு பிந்தி வந்தால், எலும்பு வழியே உள்ளே கேட்கும் குரலோடு கலந்து குடத்துக்குள் பாடுவதுபோல் இருக்கும். மைக்கின் ஒலியைக் கணினிக்குப் போகாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் குமிழ் பெரும்பாலான பெட்டிகளில் உண்டு; அதைத் திருப்பினால் போதும்.

இந்தப் பெட்டியின் உண்மையான குறை அதன் சிறுமைதான். மத்தளம், சல்லரி, அண்ணாவியார், பிற்பாட்டுக்காரர் என்று நால்வர் வந்தால் இரண்டு மைக்கில் எல்லோரையும் பிரித்துப் பதிய வழியில்லை. மின்சாரமும் யூஎஸ்பி வயரின் 5 வோல்ட்டில் இருந்தே வர வேண்டும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கொண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டையும் அதிலிருந்துதான் ஏற்றிக் கொடுக்கிறது. லப்டொப் சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் வந்தால் அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் நிலக்கம்பி வழியாகச் சுற்றி வருவதாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். கடற்கரை உப்புக்காற்றில் குமிழ்கள் கரகரக்கத் தொடங்கும் என்பதால் வேலை முடிந்ததும் மூடி வைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணாவியார் மறுபடி வந்தார். இந்த முறை இரவு பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, சார்ஜர் இல்லாமல். ஒரு மைக் அவர் வாய்க்கு, மற்றது மத்தளத்தில் இருந்து இரண்டு முழம் தள்ளி. கெயின் பாதிக்கும் கீழே. தரு முடிந்து கடைசி அடியின் அதிர்வு அடங்கிய பிறகு ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேட்டேன். பெட்டியின் ‘ஸ்ஸ்’ எங்கேயும் இல்லை. கதவிடுக்கு வழியாக வந்த கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.